விரால் கிடக்கும் சுனை

காற்று கடல் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பனையோலைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து சரசரத்தன, டெல்பினின் துப்பட்டாவும் மேற்கே பறந்தது, சுனையின் மேல் எழுந்த சிற்றலைகளும் மேற்கேதான் ஓடின. தூண்டிலின் தக்கை மட்டும் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

மீன் இழுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மீன் இழுத்தால் தக்கை துள்ளும், முங்கும், பக்கவாட்டில் வெட்டும். கல்யாணமான நாளிலிருந்து குளத்தங்கரைகளில் உட்கார்ந்து அவளுக்கும் அது பழகிவிட்டது. இது வேறு மாதிரி. யாரோ இரண்டு விரலால் அதைப் பிடித்து, சேதமாகிவிடக் கூடாது என்ற கவனத்தோடு நகர்த்திப் பார்ப்பது போல இருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி வந்து, முன்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஏங்க, தக்கையப் பாருங்களேன்."

ஃபிராங்க்ளின் திரும்பவில்லை. "நீ வாயப் பொத்திக்கிட்டு இருந்தாலே பாதி மீனு வரும்."

அவன் ஆலந்தலையில் பிறந்தவன். அப்பாவும் அண்ணன் செபாஸ்டினும் கடலுக்கடியில் சங்கு குளித்த குடும்பம். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் குமட்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலைக்குப் போய்விட்டான். கடலில் பட்ட வெட்கத்தை நல்ல தண்ணீரில் தீர்த்துக்கொள்கிறான் என்று டெல்பின் நினைப்பதுண்டு. லீவு நாளென்றால் ராடும் ரீலுமாகக் கிளம்பிவிடுவான். அவளும் கூட வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், எடுத்தது சரியில்லை என்று திட்டு வாங்க வேண்டும். உடன்குடிக்குத் தெற்கே தேரி மணற்காட்டுக்குள் கோடையிலும் வற்றாத சுனை ஒன்று இருக்கிறது, ஆள் தொடை மொத்தத்துக்கு விரால் கிடக்கிறது என்று யார்டுக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

டெல்பின் நர்ஸ். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு நல்ல மீன் விழுந்து அவன் மனம் குளிர்ந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

சுற்றிலும் செம்மண் மேடுகள். வெயில் சாய்ந்த பிறகும் மணல் செருப்பைத் தாண்டிக் கொதித்தது. நடுவில் அந்தச் சுனை, கரி கரைத்த மாதிரி. கொக்கு இல்லை. மீன்கொத்தி இல்லை. மீன் இருக்கிற தண்ணீரில் பறவை இல்லாமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் விடிலி ஒன்று இருந்தது. அங்கிருந்து கொதிக்கிற பதநீரின் வாசம் புகையோடு வந்தது. வரும்போது அதன் வாசலில் நின்ற முத்துக்கனி என்ற பெண்ணிடம் ஃபிராங்க்ளின் வழி கேட்டிருந்தான். யாரோ உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் அசையாமல், ஆளை அளப்பது போல அவனைப் பார்த்துவிட்டு, டெல்பினையும் அதே மாதிரிப் பார்த்துவிட்டு, பதிலே சொல்லாமல் அகப்பையோடு உள்ளே போய்விட்டாள். "திமிரு பிடிச்சவ" என்றான் அவன், அவள் காதில் விழும்படி.

இப்போது அவன் டப்பாவைத் திறந்து ஒரு தவளையை எடுத்தான். மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்துத் தூண்டில் முள்ளைச் செருகினான். அப்படிக் குத்தினால் தவளை சீக்கிரம் சாகாது. தண்ணீரில் விட்டதும் காலை உதைத்து நீந்தும். அதைப் பார்த்துத்தான் விரால் வரும். வீசினான். தவளை அல்லிக் கொடியோரம் விழுந்து, நீந்தியது. ரீலை மெல்லச் சுற்றினான், நிறுத்தினான், ராடின் நுனியைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினான். தவளை துடித்தது. அதில் அவன் கெட்டிக்காரன். அவன் கையில் செத்த தவளைகூட உயிரோடிருப்பது போல நீந்தும்.

தவளை உள்ளே போயிற்று. சத்தமில்லை. விரால் அடித்தால் தண்ணீர் பொளேரென்று வெடிக்கும். இது கதவு சாத்தியது போல இருந்தது.

அவன் வெட்டி இழுத்தான். கனமே இல்லாமல் தூண்டில் நரம்பு வந்தது. நுனியில் தவளை. உயிரோடு, ஒரு கீறல் இல்லாமல். ஃபிராங்க்ளின் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"நீ மாத்திக் குத்துனியா?"

"நான் எங்க தொட்டேன்?"

"ரெண்டு உதட்டையும் சேத்துல்லா குத்துனேன். இப்பம் கீழுதட்டுல மட்டும் இருக்கு."

டெல்பின் பார்த்தாள். மேலுதட்டில் பழைய துளை இருந்தது. முள்ளைக் கழற்றி, கீழுதட்டின் நட்ட நடுவில், ஊசி போட்ட மாதிரி சுத்தமாகத் திரும்பக் குத்தியிருந்தது. பத்து வருடம் ஊசி பிடித்த அவள் கையால்கூட அப்படி வராது.

"போயிரலாம்" என்றாள். "எனக்கு இங்கன பிடிக்கல."

"உனக்கு எதுதான் பிடிச்சிருக்கு? என்னையப் பிடிக்கா?"

அவன் மறுபடி வீசினான்.

இந்தத் தடவை ரீல் அலறியது. ராடு வில்லாக வளைந்தது. "எடு, வீடியோ எடு!" என்று கத்தினான், முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. போனை எடுத்தாள். நரம்பு ஒரே சீராக ஓடியது, எங்கும் உதறவில்லை, திரும்பவில்லை. பிறகு நின்றது. இறுகியது. இழுத்தால் வரவில்லை.

"கொடியில சிக்கிட்டு. இறங்கி எடுக்கேன்."

"வேண்டாங்க. அறுத்து விட்டுருங்க."

"விட்டுட்டு வந்து உன் மூஞ்சியப் பாக்கவா?"

ராடைக் கரையில் ஊன்றிவிட்டு, நரம்பைக் கையில் பிடித்தபடி இறங்கினான். முழங்கால். இடுப்பு. "ஐஸ் மாதிரி கெடக்கு" என்றான். தண்ணீர் அவனைச் சுற்றி அலையே எழுப்பவில்லை என்பது போன் திரையில்தான் அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சளவில் நின்றான். ஏதோ சொல்லத் திரும்பினான்.

போய்விட்டான்.

கை வீசவில்லை. கத்தவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது, சிற்றலைகள் பழையபடி மேற்கே ஓடின.

டெல்பின் அசையாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மஸ்கட்டின் ஞாபகம் வந்தது. சுத்தமான ஒரு வார்டு, தனியாக ஒரு கட்டில், யாரும் திட்டாத ஒரு காலை. அது வந்ததற்காகத் தன்னைத்தானே கன்னத்தில் அறைந்துகொண்டாள். "மாதாவே" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். முழங்காலளவில் காலுக்கடியில் மணல் நகர்ந்தது. சரியவில்லை, நகர்ந்தது. தூங்குகிற மாடு தோலைச் சிலிர்ப்பது போல.

பின்வாங்கிக் கரையில் விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

விடிலியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தட்டியை உலுக்கினாள். "அக்கா! எங்க வீட்டுக்காரர் தண்ணியில போயிட்டாரு! கயிறு குடுங்க, ஆளக் கூப்பிடுங்க!"

முத்துக்கனி தட்டியைத் திறக்கவில்லை. ஓலை இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"போனவன் போனதுதான். நீ வீட்டுக்குப் போ."

"உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

"ஆளக் கூப்பிடாத. சொல்லுதது கேக்கா? ஒருத்தரையும் கூப்பிடாத. அது ஒத்தையாளோட நிக்காது."

உள்ளேயிருந்து ஒரு கட்டையைத் தட்டிக்குக் குறுக்கே போடும் சத்தம். டெல்பின் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பிறகு, போனில் சிக்னல் வரும்வரை செம்மண் மேட்டில் ஏறி, ஆலந்தலைக்கு, செபாஸ்டினுக்கு, கூப்பிட்டாள். ஒரு மூச்சில் கடலடிக்குப் போய் வரக்கூடியவர் இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"அத்தான், அவரு உடன்குடித் தேரிச் சுனையில முங்கிட்டாரு. ஓடியாங்க."

"இந்தா வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

மேட்டிலிருந்து இறங்கும்போதே அவளுக்கு அந்தக் குரல் கேட்டது.

"டெல்பின்."

ஃபிராங்க்ளின் சுனையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். இடுப்பளவுத் தண்ணீரில். தலைமுடி வழிந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கரைவரை ஓடினாள்.

"பயந்துட்டியா? ஒண்ணுமில்ல. இங்கன வா."

கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் கனிவில்தான் அவள் கால் நின்றது.

"நீங்க ஏறி வாங்க."

"கையப் பிடிச்சுவிடு. வா டெல்பின். மஸ்கட்டுக்குப் போணும்னா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் நடு ஆழத்தில் நின்றான். ராடை ஊன்றிய இடத்திலிருந்து இரண்டு எட்டிலேயே நெஞ்சளவுக்குப் போன சுனை. அங்கே எப்படி இடுப்பளவு இருக்கும்? கைகள் பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளின, சீராக, வேண்டாத வேகத்தில். கண் இமைக்கவில்லை. கீழுதட்டின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. உதடு தன்னால் முன்னே நீண்டது. கீழே இழுபட்டது. விட்டது. உதடு இழுபட்டபோதெல்லாம் அவன் தலை ஆடியது. தலை ஆடியபோதெல்லாம் அவன் சிரித்தான்.

தண்ணீருக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு வெட்டு.

"டெல்பின்."

இன்னொரு வெட்டு.

"வா."

அவள் பின்னால் நகர்ந்தாள். உட்கார்ந்தாள். கையால் மணலைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போனாள். அவன் அவளைப் பார்த்தே திரும்பினான், அவள் போகும் பக்கமெல்லாம், சூரியன் மறையும்வரை. அவன் முகத்தில் கண்கள் மட்டும் வேறாக இருந்தன. அவைதான் ஃபிராங்க்ளின். அவை கெஞ்சின. எதைக் கெஞ்சின என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் முத்துக்கனி சொன்னது அவளுக்குப் புரிந்தது.

போனை எடுத்தாள். செபாஸ்டினை வர வேண்டாமென்று சொல்ல சிக்னல் இல்லை. மேட்டை நோக்கி ஓடினாள். பாதி ஏறும்போதே பைக் சத்தம்.

செபாஸ்டினும் அவர்கூடச் சங்கு குளிக்கும் தனராஜும். பைக்கை மணலில் அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார்கள். டெல்பின் குறுக்கே விழுந்து செபாஸ்டினின் சட்டையைப் பிடித்தாள்.

"அத்தான் போவாதீங்க! அது அவரு இல்ல! அவரு உதட்டப் பாருங்க!"

செபாஸ்டின் சுனையைப் பார்த்தார். தம்பி நின்றான். உயிரோடு.

"அண்ணே," என்றான் ஃபிராங்க்ளின். "கால் மாட்டிக்கிட்டு. எடுத்துவிடேன்."

செபாஸ்டின் அவள் கையைப் பிய்த்து எறிந்தார். "கட்டுனவன் தண்ணியில நிக்கான், கரையில நின்னு கத்திக்கிட்டா இருக்க? என்ன பொம்பள நீ?"

சிலுவைக் குறி போட்டார். சட்டையைக் கழற்றினார். கடலில் இறங்குகிற மாதிரியே இறங்கினார், நிதானமாக. நீந்திப் போய்த் தம்பியைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "வாலே, வீட்டுக்குப் போவோம்."

ஃபிராங்க்ளினின் கைகள் அண்ணனின் முதுகைச் சுற்றின.

இருவரும் நின்ற நிலையிலேயே கீழே போனார்கள். நேராக. சத்தமில்லாமல்.

"கால எடுத்துவிடத்தான் முக்குளிக்காரு" என்றான் தனராஜ். அவன் கரையோரம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அண்ணன் ரொம்ப நேரம் மூச்சப் பிடிப்பாரு மைனி. பயப்படாதீங்க."

டெல்பின் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயில் "போவாத" என்று மட்டும் வந்தது. போவாத. போவாத.

காற்று நின்றது. ஓலை அசையவில்லை. தண்ணீரில் மேற்கு வானத்தின் சிவப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

பிறகு இரண்டு தலைகள் எழுந்தன.

"பாத்தீங்களா மைனி!" தனராஜ் சத்தமாகச் சிரித்தான்.

அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், இடுப்பளவில், அந்த ஆழத்தின் மேல். இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு. செபாஸ்டினின் தாடையில் புது ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு உதடுகளும் ஒரே நேரத்தில் நீண்டன, ஒரே பக்கம் இழுபட்டன. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் கரைப் பக்கம் திரும்பின.

"ஏலே தனராசு," என்றார்கள் இருவரும், அத்தனை பாசமாக. "ஒரு கை பிடிலே."

வியர்வையில் வழுக்கி, தனராஜின் மணிக்கட்டு அவள் பிடியிலிருந்து கழன்றது.