முதல் வகுப்பில் அம்மா

மூன்றாவது தடவையும் அம்மா மொழித் தேர்வில் தோற்றுப்போனாள்.

கடிதத்தைச் சிட்டுதான் படித்துச் சொன்னாள். இந்த ஊருக்கு அகதிகளாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பது பத்து வயதுச் சிட்டுவின் வேலை. இதுவரை ஒரு நல்ல சேதிகூடப் படித்ததில்லை.

சொந்த ஊரில் அம்மா பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். இங்கே ஆஸ்பத்திரியில் அழுக்குப் போர்வை துவைக்கிறாள். தேர்வில் தேறினால்தான் மறுபடியும் நர்ஸ் ஆகலாம்.

"போதும். இனிமே எழுத மாட்டேன். நான் துணி துவைக்கத்தான் லாயக்கு."

அழுதிருந்தாலாவது பரவாயில்லை. அம்மா புத்தகங்களைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். மூன்று நாள் பேசவே இல்லை.

பெரியவர்களுக்கான மொழி வகுப்புக்குச் சிட்டு போன் செய்தாள். "இடம் கிடைக்கப் பதினோரு மாசம் ஆகும்," என்றார்கள்.

மறுநாள் அவள் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

"டீச்சர், எங்க வீட்டுல ஒருத்தரை ஒண்ணாம் வகுப்புல சேர்க்கணும்."

"தம்பியா, தங்கச்சியா?"

"அம்மா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிட்டுவின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"அப்படியெல்லாம் சேர்க்க முடியாதேம்மா."

"ஓரமா உட்கார்ந்துக்குவாங்க டீச்சர். மத்தியானம்தான் வேலை."

டீச்சர் யோசித்தார். "பென்சில் சீவ, ஷூ கட்டிவிட அங்கே ஒரு ஆள் வேணும்தான். காலையில வரச் சொல்லு. அப்படியே பாடமும் கேட்கட்டும்."

வீட்டில் இதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "பொடிசுங்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்!"

"சிரிப்பாங்கதான். என்னைப் பார்த்தும் ஒரு மாசம் சிரிச்சாங்க. அப்புறம் அவங்களுக்கே அலுத்துப்போச்சு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

சிட்டு ஒரு பென்சிலைச் சீவி அம்மாவின் பையில் வைத்தாள்.

அம்மா போனாள். சின்ன நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தாள். வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது. "நாளைக்குப் போக மாட்டேன்," என்றாள் வீட்டில். தினமும் அப்படித்தான் சொன்னாள். தினமும் போனாள்.

ஒரு சாயங்காலம் சிட்டு வீட்டுப்பாடத்தை விரித்தாள். அம்மா அதை மூடினாள்.

"உன்னுது அப்புறம். நாளைக்கு எனக்கு டிக்டேஷன், பத்து வார்த்தை. அந்தப் பல்லு விழுந்த பையன் பத்தையும் சரியா எழுதுறான். அவன்கிட்டயா தோக்கிறது? ஒவ்வொரு வார்த்தையா சொல்லுடி சீக்கிரம்!"