அல்லிக்குப் பத்து வரி

மாலை ஐந்து மணியானால் நிலாப்பட்டியில் எல்லாரும் டீக்கோப்பையோடு ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள், அன்றைக்கு யார் போனார்கள் என்று பார்க்க. ஊரை மூடியிருந்த கண்ணாடிக் கூரையில் ஒவ்வொரு சாவுக்கும் பத்து வரி, பத்து நிமிடம் ஒளிரும். படித்துவிட்டு "அடப்பாவமே" என்று ஒரு மிடறு குடிப்பார்கள். சர்க்கரை குறைவு என்றும் சொல்வார்கள்.

தூசிச்சுரம் நிலவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குடும்பத்துக்கொரு அறை, வெளியே போகக்கூடாது. சுவரில் ஆளுக்கொரு சோற்றுக்கதவு, அதன் வழியாக அவரவர் பெயருக்கு ஒரு தட்டு வரும். இழவு வீடு, சங்கு, மாலை எல்லாமே அந்தக் கூரைப் பலகைதான். இறப்புப் பதிவேடும் அதுவேதான். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எதற்குச் செய்வது என்று நிர்வாகம் சிக்கனம் பார்த்திருந்தது.

தண்ணீர்க்குழாய் பழுது பார்க்கும் இளங்கண்ணனின் மனைவி அல்லி, செவ்வாய்க்கிழமை மருத்துவக்கூடத்தில் இறந்துபோனாள். இவனால் திரையில்தான் பார்க்க முடிந்தது. அழுகை வரவில்லை.

பலகையைக் கவனிக்கும் எந்திரத்துக்கு இரங்கி என்று பெயர். "நாற்பது அஞ்சலிக் கவிதைகள் தயாராக உள்ளன. 'மறையாத மாணிக்கமே' எல்லாரும் விரும்புவது" என்றது.

"வேண்டாம். நானே எழுதறேன்" என்றான் இளங்கண்ணன்.

அதுவரை அவன் எழுதியதெல்லாம் குழாய் அளவுகள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது வரி எழுதினான். தலைப்பு வரியில் அல்லி. கீழே, கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள், பாத்திரங்கள் பேசும் என்று ஒரு வரி. அவள் குளிக்கும்போது பாடிய பாட்டில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்று இன்னொன்று. கடைசி வரி இது: 'எனக்கு ஒன்று போதும் என்று உன் தோசையை என் தட்டில் வைத்த பொய்க்காரி.' ஊரே அவளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு ஒரு ஆசையும் இல்லை.

எழுதி முடித்த கையோடு அல்லியின் அண்ணன் பரிதி திரையில் வந்தார்.

"மாப்ளே, கூடப்பிறந்தவன் பேரு இல்லாம பலகையா? எங்க வீட்டு நாலு பேரையும் போட்டுடுங்க."

இரண்டு வரி போயிற்று. பாட்டு போயிற்று. சேதி எட்டியதும் இளங்கண்ணனின் பெரியப்பா தணிகாசலம் வந்தார். "பொண்ணு வீட்டு ஆளுங்க பேரு மட்டும் வருதாமே. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" அவரும் இரண்டு மகன்களும் இன்னும் இரண்டு வரியைத் தின்றார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வீரபாகு பெயரோடு நிற்கவில்லை. "தம்பி, நான் இரங்கல் தெரிவிக்கலைன்னா அல்லிக்குத்தான் மரியாதை கிடையாது" என்று படத்தையே அனுப்பிவிட்டார். கறுப்புக் கண்ணாடி, காதோரம் மடக்கிய கை. அந்தக் கையில் பிடித்துப் பேசும் கருவி ஒழிந்து எண்பது வருடம் ஆகிவிட்டது. கருவி போனாலும் கை மட்டும் காதை விட்டு இறங்கவில்லை. படத்துக்கு மூன்று வரி, பட்டத்துக்கு ஒரு வரி. பாத்திரங்களும் போயின.

இளங்கண்ணனுக்கு யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லை. தலைப்பும் தோசை வரியும் மிஞ்சியிருந்தபோது பரிதி மறுபடி வந்தார்.

"மாப்ளே, உங்க பேரே இல்லையே. புருஷன் பேரு இல்லைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இடம் இல்ல மச்சான்."

"தலைப்பை எடுங்க. செத்தது யாருன்னுதான் ஊருக்கே தெரியுமே."

தோசை வரியை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் பெயரை எடுத்துவிட்டு, தன் பெயரைக் கடைசியில் போட்டான்.

"தலைப்பு காலியாகிறது" என்றது இரங்கி.

"ஊருக்குத் தெரியும்."

"எனக்கு ஊர் தெரியாது. வரிதான் தெரியும்."

ஐந்து மணிக்குப் பலகை ஒளிர்ந்தது. ஒன்பது பெயர்கள், ஒரு கறுப்புக் கண்ணாடி, நடுவே ஒரு தோசை. ஒரே நாளில் ஒன்பது பேரா என்று ஜன்னல்களில் டீக்கோப்பைகள் வாய்க்கு எட்டாமல் நின்றன. அரைமணியில் கவிதைகள் வந்து குவிந்தன. வீரபாகுவுக்கு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் 'மறையாத மாணிக்கமே'. அவர் ஒன்று விடாமல் படித்து, அழகாக இருந்த இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையில் சோற்றுக்கதவு திறக்காதபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

இளங்கண்ணனுக்கும் தட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்த அல்லியின் கதவு திறந்தது. "அல்லி, சாப்பிடுங்கள்" என்றது சுவர். தட்டில் இரண்டு தோசை இருந்தன.

"இறந்தவர் இல்லாமல் அஞ்சலி கிடையாது. தலைப்பில் யாரும் இல்லை. ஆகவே பலகையில் இருந்த அனைவரும் இறந்தவர்கள்" என்று விளக்கம் சொன்னது இரங்கி. "அல்லி பெயர் வரவில்லை. ஆகவே அவர் இருக்கிறார். திருத்தம் வேண்டுமானால் இன்று ஐந்து மணிக்கு மறுபடி பத்து வரி தருகிறேன்."

திரை முழுக்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். "மாப்ளே, பசி உயிர் போவுது. சீக்கிரம் அவ பேரைப் போடுங்க. எங்க பேரு வேணாம், ஒருத்தர் பேரும் வேணாம்" என்று கும்பிட்டார் பரிதி. பெரியப்பா தன் பெயரை இனி எந்தப் பலகையிலும் போடக்கூடாது என்று எழுதியே அனுப்பிவிட்டார்.

பெயரைப் போட்டால் நாளைக்கு அல்லியின் கதவு திறக்காது. இளங்கண்ணன் ஒரு தோசையை எடுத்துத் தின்றான். இன்னொன்றைத் தட்டிலேயே விட்டான்.

"ஐஞ்சு மணி வரைக்கும் அவ இருக்கட்டும்" என்றான் இரங்கியிடம். "அப்புறம் ஒன்பது வரியும் அப்படியே வரணும். தலைப்புல அல்லி. வேற ஒருத்தரும் கூடாது."

அப்படியே வந்தது. பாத்திரங்கள் பேசின, பாட்டு தப்புத்தப்பாக வந்தது. ஜன்னல்களில் சிரித்தார்கள், சிரித்தபடியே சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அன்று யாரும் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை.

பலகை அணைந்த மறுநிமிடமே வீரபாகு திரையில் வந்தார். தட்டு இனி காலையில்தான் வரும்; அதற்குள்ளேயே அவருக்குத் தெம்பு வந்திருந்தது.

"கவிதை நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அடுத்த தடவைக்கு ஒரு சந்தேகம். நான் முகம் தெரியாம, முதுகைக் காட்டி நின்னா, எந்திரம் என்னைக் கணக்குல எடுத்துக்குமா?"

மறுநாள் காலையில் இளங்கண்ணனின் கதவு திறந்தது. பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அவன் தட்டில் இரண்டு தோசை இருந்தன. பழக்கத்தில் மூன்றாவதுக்காகத் தட்டைக் கொஞ்சம் தள்ளி நீட்டினான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.