வயிற்றுக்குள் அரிசிமீன்

யுரோப்பா நிலவின் பனிக்கடியில் இருந்த நீலத்துறை நகரில், மாதம் பிறந்தால் எல்லா வீட்டிலும் காலைக் கஞ்சியோடு ஒரு மீனை விழுங்குவார்கள். உயிர் மீன் அல்ல, அரிசி மணி அளவே உள்ள எந்திரம். அரிசிமீன் என்று பெயர். அது இரைப்பைக்குள் நீந்தி, உட்சுவரை இண்டு இடுக்கு விடாமல் படம் பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பும். பிறகு தன் பாட்டுக்கு வெளியேறிவிடும்.

அதை உருவாக்கியவர் மருத்துவர் நறுமுகை. இரைப்பையைக் கெடுக்கும் கிருமியை ஊரைவிட்டே ஒழித்தவரும் அவர்தான். இரைப்பை அழற்சி என்ற சொல்லைப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில்தான் படித்தார்கள். வேறு நிலவுகளிலிருந்து விருந்தினர் வந்தால் நறுமுகை இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது குரலே சற்று உயரும்.

அந்தப் பெருமைக்குத்தான் பனிமயம் வேட்டு வைத்தார்.

பனி அறுக்கும் அணியின் தலைவர் அவர். மேல்வயிறு எரிகிறது, மலம் தார்போலக் கறுத்துப் போகிறது என்று மனைவி ரெஜினா அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். அரிசிமீன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் நறுமுகைக்கு வியர்த்தது. உட்சுவர் முழுக்கச் சிவந்து, அங்கங்கே நகத்தால் கீறினாற்போலப் புண். ஓரிரண்டில் ரத்தம் கசிந்தது.

மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை. மது அந்த ஊரிலேயே கிடையாது.

“வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?”

“சத்தியமா இல்ல, டாக்டரம்மா.”

நறுமுகை மீனுக்குக் கட்டளையிட்டார். அது இரைப்பை நீரில் ஒரு துளியை உறிஞ்சிச் சோதித்தது. திரையில் வலி மாத்திரையின் பெயர் வந்து நின்றது. பனிமயம் கூரையைப் பார்த்தார்.

“சொல்லித் தொலைங்களேன்,” என்ற ரெஜினா, பிறகு தானே சொன்னாள். “பக்கத்து வீட்டு ஆல்வின் அண்ணாச்சி முட்டுவலிக்குக் குடுத்தாரு. அவருக்கு நல்லாக் கேட்டுச்சாம். வெறும் வயித்துல போட்டா இன்னும் சுருக்கா கேக்கும்னு இவரா போட்டுக்கிட்டாரு.”

“வயித்துல சுரக்குற அமிலம் நம்மளையே அரிச்சிடாம உள்ள ஒரு வழவழப்பான படலம் இருக்கு,” என்றார் நறுமுகை. “இந்த மாத்திரை அந்தப் படலத்தைச் சரியா சுரக்க விடாது. இப்படியே போட்டிருந்தீங்கன்னா ஓட்டையே விழுந்திருக்கும்.”

பனிமயத்தின் முகம் வெளுத்தது. “பொழச்சுக்குவனா?”

“பின்ன நான் எதுக்கு இருக்கேன்?”

வலி மாத்திரை நின்றது. அமிலத்தை அடக்கும் மாத்திரை தொடங்கியது. ரத்தம் கசிந்த இடங்களை மீன்கள் பசை வைத்து அடைத்தன. நறுமுகை வீட்டுக்குப் போனாலும் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு மங்கி, புதுத்தோல் படர்வதைக் கண்டபோது, பெற்ற பிள்ளை முதலடி வைத்ததுபோலப் பூரித்துப்போனார்.

நகர மன்றம் விழா எடுத்தது. பனிமயத்தின் வயிறு, புண்ணோடு ஒரு படமும் ஆறியபின் ஒரு படமுமாக, சுவரளவு திரையில் தெரிந்தது. அவர் மேடையேறி நெஞ்சை நிமிர்த்தினார்.

“இனி டாக்டரம்மாவக் கேக்காம ஒரு மாத்திரை தொடமாட்டேன்!”

கைதட்டலில் பனிக்கூரை அதிர்ந்தது. நறுமுகைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதனின் வயிற்றை மட்டுமல்ல, புத்தியையும் ஆற்றிவிட்டோம் என்று தோன்றியது.

கூட்டம் கலையும்போது, வாசல் அருகே யாரோ நெஞ்செரிச்சல் என்று முனகுவது அவர் காதில் விழுந்தது. அவர் எட்டு வைப்பதற்குள் பனிமயம் அங்கே நின்றார். பின்னால் வந்த மருத்துவரை அவர் கவனிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, தமக்குக் கொடுத்ததில் மீந்த அமில மாத்திரை அட்டையை எடுத்து, அந்த மனிதரின் கையில் வைத்து அழுத்தினார்.

“யோசிக்காமப் போடுங்க அண்ணாச்சி. எனக்குப் புண்ணே ஆறிப்போச்சு. யாரு குடுத்ததுன்னு நினைச்சீங்க? நம்ம டாக்டரம்மா! என்னா கைராசிங்கிறீங்க!”