அறுபதில் ஆதி தாளம்

லஸ் முனையில் கொட்டும் மழை... கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே ஒரு ஆட்டோ. இந்தப் பக்கம் சுந்தரவல்லி ஏற, அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஏறினார். இருவர் மடியிலும் வயலின் பெட்டி.

"நான்தான் முதல்ல கை காட்டினேன்."

"அதனால என்ன டீச்சர்... ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்."

"டீச்சர்னு யார் சொன்னா?"

"குரலே சொல்லுதே..."

"ரெண்டு பேரும் அடையாறுதான? சண்டைய போய்க்கினே போடுங்க," என்று ஆட்டோக்காரர் கிளப்பினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் அய்யாதுரை. மனைவியை இழந்தவர், தி.நகர் ஜவுளிக்கடையை மகனிடம் விட்டவர். மறதி அண்டாமலிருக்க ஏதாவது வாத்தியம் கற்கச் சொன்னாராம் டாக்டர். "விரல், காது, ஞாபகம்... மூணுக்கும் ஒரே நேரத்துல வேலையாம்."

அவளுக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் பாலை மறப்பது, பழகிய பெயர்கள் நாக்கில் சிக்குவது... கல்யாணமே வேண்டாமென்று தனியாக வாழ்ந்த கணக்கு டீச்சருக்கு அந்த மூளையை விட்டால் வேறு துணை ஏது?

இறங்கிப் பார்த்தால் இருவருக்கும் ஒரே வகுப்பு. ஒருவர் வாசித்தால் இன்னொருவர் தாளம் போடவேண்டும். சிரித்தால் சுருங்கும் அந்தக் கண்களைப் பார்க்காமலிருக்க அவள் படாத பாடு பட்டாள்.

ஒருநாள் அவர் வாசிக்க, இவள் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போட்டாள். சுண்டுவிரலுக்கு அடுத்து மோதிர விரலை விட்டுவிட்டு நடுவிரலுக்குத் தாவிவிட்டாள். வயலின் தடுமாறியது. அவர் சிரித்துவிட்டார்.

கணக்கு டீச்சருக்கு எட்டு வரை எண்ண வரவில்லை என்றா சிரிக்கிறார்? அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, வகுப்பில் விலாசம் கேட்டுக்கொண்டு மயிலாப்பூரில் அவள் வீட்டு வாசலுக்கே அவர் வந்து நின்றார்.

"இன்னும் சிரிக்க பாக்கி இருக்கோ?"

"உங்களைப் பார்த்துச் சிரிக்கலைங்க. எனக்கு எண்ணவே வராது. உங்க விரலைப் பார்த்துத்தான் வாசிப்பேன். நீங்க தாவினதும் நானும் தாவிட்டேன். என் வண்டவாளத்தை நினைச்சுச் சிரிப்பு வந்துட்டுது."

"நீங்களும் எண்ண வேண்டியதுதானே? என் விரலையே ஏன் பார்க்கணும்?"

"பிடிச்சிருக்கே... விரல் மட்டும் இல்ல, உங்களையே."

காது மடல் சுட்டது. இந்த வயதில் இதென்ன கூத்து... ஆனால் மனம் துள்ளியது நிஜம்.

"எனக்கு மறதி வந்துண்டிருக்கு. நாளைக்கு உங்க பேரே மறந்துபோனா?"

"தினம் ஒரு தடவை சொல்றேன். எனக்கு வேற என்ன வேலை?"

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கோ, அய்யாதுரை. ஒரு வாரமா இந்தப் பேரை மறக்கத்தான் பார்த்தேன்... முடியலை."