பேசுங்க, பேசுங்க!

சுவிஸின் ஆராவ் நகரத்து இளந்தளிர் கழகத்தின் சிறுவர் உதைபந்தாட்ட அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள்? தாளில் ஒருவர்தான். ஆனால் மைதானத்தின் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே எண்ணிப் பார்த்தால் நாற்பது பேராவது தேறுவார்கள். எல்லோரும் அப்பாக்கள், அம்மாக்கள், மாமாக்கள், மாமிகள். கையில் தேநீர், வாயில் ஆலோசனை.

"மேல போ! மேல போ!"

"பின்னுக்கு நில்லடா!"

"அடி! ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அடி!"

கடைசியாகக் கேட்டது விஜிதரன் மாமாவின் குரல். அவர் பேருந்து ஓட்டுபவர். கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் பேருந்துக்குள் சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்.

அன்று சுவிஸ் தமிழ்க் கழகங்களின் கோடைச் சுற்றுப்போட்டி. முதல் ஆட்டம் ஜெனீவா அணியோடு. கோல் கம்பங்களுக்கு நடுவே பதினொரு வயது சாருஜா நின்றாள். அவளுடைய கையுறை கொஞ்சம் பெரிது. மனதில் இருந்த ஆசை அதைவிடப் பெரிது.

போன வருடம் முழுவதும் அவள் மைதான ஓரத்து வாங்கில்தான் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புவதுதான் அவளுடைய வேலை. மூன்று கிழமைக்கு முன்னர் பழைய பயிற்சியாளர் வேறு ஊருக்கு மாறிப் போக, ராம்பிரசாத் என்று ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். சூக் நகரில் கணினி வேலை. வேலை முடிந்து ரயிலேறி வந்து, சப்பாத்தை மாற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்குவார். இரண்டாம் நாளே அவர் சாருஜாவைக் கூப்பிட்டார்.

"நீ எல்லாத்தையும் கவனிக்கிற. இனிமே கோல் உன் பொறுப்பு."

அன்றிலிருந்து அவள் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை.

கழகத்தில் ஒரு விதி உண்டு. தலைவர் பாலேந்திரன் போட்ட விதி. மைதானத்துக்குள் தமிழ்தான். ஒரு ஜெர்மன் சொல் வாயில் வந்தாலும் பத்துத் தண்டால். ராம்பிரசாத்துக்கு அந்த விதி மிகவும் பிடித்துவிட்டது. பயிற்சியில் அவர் ஓயாமல் சொன்னதெல்லாம் இதுதான்:

"பேசுங்க! பேசிக்கிட்டே ஆடுங்க! பேசலைன்னா தோத்துடுவோம்!"

பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வளரும் அவர்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. பாலைக் கொட்டினால் அம்மா பேசுவார். வீட்டுப்பாடத்தை மறந்தால் அப்பா பேசுவார். "இண்டைக்கு நல்லாப் பேச்சு வாங்கினன்" என்று ஒருவன் சொன்னால், பாவம், அவன் காது சிவந்துவிட்டது என்று பொருள். மற்ற நேரங்களில் அவர்கள் கதைப்பார்கள், பேசுவதில்லை. தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி இருக்கிறதுதான். ஆனால் அதற்கும் உதைபந்துக்கும் என்ன தொடர்பு?

அணித்தலைவி அக்‌ஷயாதான் விளக்கம் கண்டுபிடித்தாள்.

"ஆளையாள் பேசினாக் கோபம் வரும். கோபம் வந்தா வேகமா ஓடுவம். அதுதான் ட்ரெய்னரின்ர தந்திரம்!"

எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

ஆகவே ஜெனீவாவோடு நடந்த ஆட்டத்தில் அவர்கள் மனம்விட்டுத் திட்டிக்கொண்டார்கள்.

"உனக்குக் கண் தெரியாதோ?"

"நீ நித்திரையோ?"

"நிருசன், உனக்குக் கால் எதுக்கு? சப்பாத்துப் போடவோ?"

நிருசன் சாருஜாவுக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். மெதுவானவன், யோசித்துச் செய்பவன். ஒவ்வொரு பேச்சுக்கும் அவன் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டு போனது.

"சாருஜா! உனக்குத்தான் எல்லாரும் தெரியறாங்க. நீ பேசு!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார் ராம்பிரசாத்.

சாருஜா நிருசனின் முதுகைப் பார்த்தாள். இவனை எப்படிப் பேசுவது? உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். இரண்டுக்குப் பூச்சியம் என்று ஆராவ் தோற்றது.

இரண்டாவது ஆட்டம் லுசேர்ன் அணியோடு. அக்‌ஷயாவும் நிருசனும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்க, பந்து இருவருக்கும் நடுவால் உருண்டு போய் எதிரணியின் காலில் சேர்ந்தது.

"சண்டை போடாதீங்க! பேசுங்க!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார் ராம்பிரசாத்.

"சண்டை பிடிக்காமல் எப்பிடிப் பேசுறது?" என்று அக்‌ஷயா குழம்பிப்போனாள்.

ஒன்றுக்கு ஒன்று. தோல்வி இல்லை, ஆனால் வெற்றியும் இல்லை. இனி மூன்றாவது ஆட்டத்தில் சூக் அணியை வென்றால்தான் அரையிறுதி. வெல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நிருசன் புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். "நான் இனி விளையாடேல்லை" என்றான்.

சாருஜா தண்ணீர் எடுக்கச் சிற்றுண்டி மேசைப் பக்கம் போனாள். அங்கே பெரிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. விஜிதரன் மாமா தட்டிலிருந்த ரோல்ஸையும் வடையையும் மேசையில் பரப்பியிருந்தார். ரோல்ஸ் எங்கள் ஆட்கள், வடை எதிராளிகள்.

"இஞ்சை பாருங்கோ. மூண்டு பேரைப் பின்னுக்கு விட்டா ஆர் கோல் அடிக்கிறது? இந்த ரோல்ஸை முன்னுக்குக் கொண்டுவரவேணும்."

"அப்ப பின்னுக்கு ஆர் நிக்கிறது?" என்று கேட்டார் பாலேந்திரன்.

"அதுக்கு இந்த... எங்கை இடப்பக்கத்து ரோல்ஸ்?"

இடப்பக்கத்துத் தடுப்பாட்டக்காரரை யாருடைய மூன்று வயது மகளோ சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"ரோல்ஸை விடுங்கோ," என்றார் சாருஜாவின் அம்மா சந்திரமதி. "பிள்ளையள் ஆளையாள் பேசுறதைக் கேட்டனீங்களோ? ஏன் எண்டு கேட்டா, ட்ரெய்னர்தான் பேசச் சொன்னவராம்!"

"பேசச் சொல்லிக் குடுக்கிற ட்ரெய்னரோ?" விஜிதரன் மாமா வடையைக் கீழே வைத்தார். "இந்த மனிசனோட எங்களுக்கு இந்த வருசமும் வெற்றிக் கிண்ணம் இல்லை. அண்ணை, அடுத்த ஆட்டத்துக்கு ட்ரெய்னரா நான் நிக்கிறன்."

பாலேந்திரன் தாடையைத் தடவினார். "பிள்ளையளின்ர மனம் நோகுதெண்டா... சரி. அப்பிடியே செய்வம். ஆட்டம் தொடங்க முதல் அவரிட்டைச் சொல்லுறன்."

சாருஜாவை வாங்கிலிருந்து எழுப்பிக் கோலுக்குள் விட்டவர் அவர். அவரையே வெளியே அனுப்பப்போகிறார்கள்! அவள் போத்தலை அப்படியே வைத்துவிட்டு அவரைத் தேடி ஓடினாள்.

உடைமாற்றும் அறைக்குப் பின்னால் ராம்பிரசாத் தொலைபேசியில் மனைவியை அழைத்துக்கொண்டு நின்றார்.

"அபர்ணா, பாப்பா எழுந்துட்டாளா? அவகிட்ட குடு. நான் அவகிட்ட பேசணும்."

சாருஜா அங்கேயே நின்றுவிட்டாள். ஐயோ, சின்னப் பிள்ளைக்குப் பேச்சு விழப்போகிறதே! என்ன பிழை செய்ததோ?

"பாப்பா! என் தங்கம்! பால் குடிச்சியா? பூனை வந்துச்சா? மியாவ் சொல்லிச்சா?"

ராம்பிரசாத் மியாவ் என்று இரண்டு தடவை கத்திக் காட்டினார். முத்தம் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார். சாருஜா காத்துக்கொண்டு நின்றாள். பேச்சு எங்கே?

"ட்ரெய்னர், பாப்பாவைப் பேசவேணும் எண்டனீங்கள். பிறகு பேசேல்லையே?"

"பேசினேனே. இப்பதானே பேசினேன்."

"இல்லை, நீங்கள் பேசேல்லை. கதைச்சனீங்கள்."

"கதையா? கதை ஒண்ணும் சொல்லலையே. பூனையைப் பத்திப் பேசினேன், அவ்வளவுதான்."

சாருஜா அவரைப் பார்த்தாள். அவர் சாருஜாவைப் பார்த்தார். அவளுடைய தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திறந்தது.

"ட்ரெய்னர்... உங்கட ஊரில ஒராளோட கதைக்கிறதுக்கு என்ன சொல்லுவீங்கள்?"

"பேசறதுன்னு சொல்வோம்."

"எங்கட வீட்டில பேசுறது எண்டா ஏசுறது! அம்மா பேசினா நான் அழுவன்!"

ராம்பிரசாத் பந்துப் பையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்போ மூணு வாரமா நான் உங்களைத் திட்டிக்கச் சொல்லிட்டு இருந்தேனா?"

"ஓம். சத்தமாத் திட்டச் சொன்னனீங்கள்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகம் வாடியது. "பாவம் அந்த நிருசன். தப்பு என்னோடது. எனக்குப் பதிலா வேற யாராவது பயிற்சியாளரா நின்னா நல்லதுதான்."

"நீங்கள் போகக்கூடாது!" என்றாள் சாருஜா. பெரியவர் ஒருவரிடம் இவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. "இஞ்சையே இருங்கோ. நான் வாறன்."

அவள் நேராக மேசைக்குப் போனாள்.

"மாமா, நான் ஒண்டு சொல்லவேணும்."

"பிள்ளை, பொறு," என்றார் விஜிதரன் மாமா. "பெரியாக்கள் கதைச்சுக்கொண்டு இருக்கிறம்."

"ஓம். நீங்கள் கதைக்கிறீங்கள். அதைத்தான் ட்ரெய்னர் எங்களையும் செய்யச் சொன்னவர். நாங்கள்தான் பிழையா விளங்கிப்போட்டம்."

பாப்பா, பூனை, மியாவ் எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முதலில் சிரித்தவர் சந்திரமதி. அதன்பின் மாமிகள். பாலேந்திரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "தமிழ்தான் வேணும் எண்டு விதி போட்டது நான். எந்தத் தமிழ் எண்டு சொல்ல மறந்துபோனன்."

விஜிதரன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, சொல் பிழைச்சுப்போச்சு. ஆட்டமும் பிழைதானே? ஒரு சொல்லை மாத்தினாப் போல வெல்லுறதோ?"

"ஒரு பாதி தாங்கோ," என்றாள் சாருஜா. "முதல் பாதி முடிய, நீங்கள் நினைச்சதைச் செய்யுங்கோ."

பாலேந்திரன் தலையசைத்தார். "சரி. ஒரு பாதி."

அணியைக் கூட்டி விஷயத்தைச் சொல்ல இரண்டு நிமிடம்தான் எடுத்தது. நிருசன்தான் இன்னும் வெறுங்காலோடு இருந்தான். சாருஜா அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"இனி உன்னை ஒருத்தரும் பேசமாட்டினம். உனக்குப் பின்னால என்ன நடக்குதெண்டு நான் பாத்துச் சொல்லுறன். நீ முன்னுக்குப் பாத்தாப் போதும்."

அக்‌ஷயா புல்லைப் பிய்த்தபடி நின்றாள். "அந்தச் சப்பாத்துக் கதை... நான் சொல்லியிருக்கக்கூடாது."

நிருசன் கொஞ்சம் யோசித்தான். அவன் எதையும் யோசித்துத்தானே செய்வான்! பிறகு சப்பாத்தை எடுத்துப் போட்டான்.

ஆட்டம் தொடங்கியது. சாருஜா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நிருசன், பின்னால ஆள்!"

"அக்‌ஷயா, வலப்பக்கம் ஒருத்தரும் இல்லை!"

"நேரம் கிடக்கு, அவசரப்படாதை!"

ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதும் நிருசன் திரும்பினான். பந்து அவன் காலில் வந்து நின்றது. அடுத்த தடவை அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். மற்றவர்களும் கதைக்கத் தொடங்கினார்கள். என்ன பிரயோசனம்? கயிற்றுக்கு வெளியே நாற்பது பயிற்சியாளர்கள் "மேல போ! பின்னுக்கு நில்! அடி!" என்று தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தார்கள். பாதிச் சொற்கள் அந்த இரைச்சலில் காணாமல் போயின.

முதல் பாதி முடிந்தது. பூச்சியத்துக்குப் பூச்சியம்.

விஜிதரன் மாமா கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்து வந்தார். சாருஜா கையுறையை இறுக்கிப் பிடித்தாள். அவர் நேரே போய் ராம்பிரசாத்துக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். இந்தப் பிள்ளை பின்னால நிண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்குது. அது முன்னுக்கு நிக்கிற பிள்ளையளுக்குக் கேக்குதோ?"

ராம்பிரசாத் தயங்கினார். "உண்மையைச் சொல்லணும்னா... கேக்கலை சார். வெளியில சத்தம் அதிகம்."

"ஆர் சத்தம் போடுறது?"

ராம்பிரசாத் கயிற்றுப் பக்கம் பார்த்தார். விஜிதரன் மாமாவுக்கு மெல்ல விளங்கியது. அவர் முகம் முழுதும் சிவந்தது. திரும்பிப் போனார். கயிற்று ஓரமாக ஒவ்வொருவரிடமும் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் பாதியில் மைதானம் அமைதியாக இருந்தது. பந்து உதைபடும் சத்தம்கூடக் கேட்டது. சூக் பிள்ளைகளுக்கே அது விசித்திரமாகப் பட, அவர்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி நிமிடங்கள். பந்து நிருசனிடம் வந்தது. இரண்டு பேர் அவனை நோக்கி ஓடிவந்தார்கள். காலையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்திருப்பான்.

"நேரம் கிடக்கு!" சாருஜாவின் குரல் மைதானத்தின் மறு கோடிவரை போனது. "இடப்பக்கம்! அக்‌ஷயா தனிய!"

நிருசன் நிமிர்ந்து பார்த்தான். அக்‌ஷயா கையை உயர்த்திக்கொண்டு ஓடினாள். அவன் பந்தை அளந்து அனுப்ப, அவள் அதை நிறுத்தாமலே அடித்தாள். வலை குலுங்கியது.

நாற்பது பேரும் அடக்கி வைத்திருந்த சத்தம் ஒரே நேரத்தில் வெடித்தது. ஆறு பிள்ளைகளும் ஓடி வந்து நிருசன்மேல் விழுந்தார்கள். கோல் அடித்தவள் அக்‌ஷயா; ஆனால் அவளும் அவன்மேல்தான் விழுந்தாள். ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. பாலேந்திரன் வந்து ராம்பிரசாத்தின் கையைப் பிடித்து, "அடுத்த ஆட்டத்துக்கும் நீங்கள்தான்," என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அரையிறுதி. கயிற்றுக்கு வெளியே எல்லோரும் தேநீரோடு வந்து கூடினார்கள். சாருஜா கோலுக்குள் நின்று கையுறையைத் தட்டிக்கொண்டாள்.

"அண்ணை," என்று யாரோ விஜிதரன் மாமாவின் தோளைத் தட்டினார்கள், "என்ன நினைக்கிறியள்? இந்த முறை கிண்ணம் எங்களுக்குத்தானோ?"

விஜிதரன் மாமா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! கொஞ்சம் சும்மா இருங்கோ. பிள்ளையள் கதைக்கினம்."