ஓரக்கண்ணில் ஒரு விண்முகில்

அந்த மாலை முற்றத்தில் இருந்தவர்கள்: தொலைநோக்கியோடு குன்செஸ். அவளைச் சோதிக்க மலைமேல் இருக்கும் வானாய்வகத்திலிருந்து இறங்கி வந்த ஆங்மோ மேடம். கம்பளிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்ட அப்பா ராப்கியஸ். ஒரு நாய். அவ்வளவுதான்.

மழை இல்லை. ஹான்லே பள்ளத்தாக்கில் காதலுக்கென்று யாரும் மழையை எதிர்பார்க்க முடியாது. குளிர்தான் கிடைக்கும்.

சோதனை இதுதான். மேடம் ஒன்றும் தெரியாத சுற்றுலாப் பயணியாக நடிப்பார். நிலா எழுவதற்குள் குன்செஸ் ஒரு நெபுலாவைக் காட்டி, அது என்னவென்று புரியவைக்க வேண்டும். தேறினால் தொலைநோக்கி இந்த வீட்டுக்கு; அவள் ஊரின் வழிகாட்டி. தேறாவிட்டால் லே நகரத்திலிருந்து பெண் கேட்டு வரும் சாங்கை அப்பா குடித்துவிடுவார். அந்தப் பார்லிக் கள்ளை ஒரு வாய் குடித்தால் போதும்... பேச்சு முடிந்தது. பெண் லேவுக்கு.

"தேறிட்டா?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

"தேறிட்டா சாங் குடத்தைத் தொடமாட்டேன். ராப்கியஸ் வாக்கு."

இருட்டு நன்றாகக் கூடியிருந்தது. கண்கள் இருட்டுக்குப் பழகிவிட்டன. குன்செஸ் ரிஷப ராசிக் காளையின் கொம்பு நுனிக்குத் தொலைநோக்கியைத் திருப்பினாள்.

அப்போதுதான் வளைவில் அந்த ஜீப் வந்தது. முழு வெள்ளை விளக்குகளோடு!

சூரியன் சாய்ந்தபின் கொட்டிலுக்குப் போவதற்கும் சிவப்பு டார்ச் மட்டுமே எடுக்கும் ஊர் அது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போடும் ஊர். மூன்று பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். நாய் குரைத்தது. குன்செஸ் ஓடிப்போய் ஜீப்பின் முகப்பில் ஓங்கி அடித்தாள்.

"அணைங்க! லைட்டை அணைங்க!"

விளக்கு அணைந்தது. கண்ணாடி இறங்கியது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இரண்டு கண்கள்.

"ஜூலே, நோமோ," என்று வணக்கம் சொன்னான். "ஒரு லைட்டுக்கா இவ்வளவு கோபம்?"

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல. நோமோன்னு கூப்பிட வேணாம். உள்ள எரியறதையும் அணைங்க."

"அது இன்ஜின் ஓடினா எரியத்தான் செய்யும்."

"அப்போ இன்ஜினை அணைங்க."

"இந்தக் குளிர்ல அணைச்சா டீசல் உறைஞ்சுடும். நாளைக்கு வெயில் ஏர்ற வரைக்கும் வண்டி அசையாது."

"என் கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாச்சு. ஒரு நொடியில எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க. நிலா வர்றதுக்குள்ள நான்..." குரல் உடையப் பார்த்தது. உடைய விடவில்லை. "உங்க வண்டி பெருசா, என் வாழ்க்கை பெருசா?"

அவன் அவளைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் செத்தது.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சிவப்பு டார்ச்சை உள்ளே காட்டினாள். முன்னிருக்கையில் ஒரு செப்புக் குடம். விளிம்பில் வெண்ணெய்ப் பொட்டு. கழுத்தில் வெள்ளைத் துணி. பெண் கேட்கும் குடம்!

"யார் வீட்டுக்கு?"

"ராப்கியஸ் வீட்டுக்கு. எங்க பெரியம்மா பையனுக்காக. மாமாதான் கொண்டு வரணும். முட்டி வலின்னு வழியில வெந்நீர் ஊத்துல உட்கார்ந்துட்டார், எழுந்திருக்க மாட்டேன்னுட்டார். நான் ஜிக்மத், வெறும் டிரைவர்... பொண்ணு ரொம்ப சாதுவாமே?"

"அப்படியா சொன்னாங்க?" என்றாள் குன்செஸ்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க அந்த இருட்டிலும் நன்றாக இருந்தது.

"குடம் வந்திருக்கு," என்றபடி குன்செஸ் அவனை முற்றத்துக்குக் கூட்டி வந்தாள். மேடம் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என் கண்ணு போச்சும்மா. வயசான கண்ணு சீக்கிரம் இருட்டுக்குத் திரும்பாது. கிழக்கே நிலா வெளிச்சம் கசியுது. இன்னொரு நாள் வர எனக்கு உத்தரவில்ல." ஜிக்மத்தைப் பார்த்தார். "இவர்தான் இப்போ பயணி. இவரைப் பாக்க வை. நீ தேறிட்டன்னு வெச்சுக்கறேன்."

இவனா! அவள் பல்லைக் கடித்தாள். "வாங்க. கண்ணை வைங்க."

அவன் குனிந்தான். "ஒண்ணும் தெரியல."

"நல்லா பாருங்க."

"நட்சத்திரம் தெரியுது. நீங்க சொல்ற மேகம் தெரியல."

தெரிகிறது என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. இந்த ஆள் சொல்லமாட்டான். மலை முகட்டில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

"நேரா முறைக்காதீங்க," என்றாள். "மங்கலானதை நேரா பாத்தா மறைஞ்சுடும். பக்கத்துல இருக்கற நட்சத்திரத்தைப் பாருங்க. ஓரக்கண்ணால மட்டும் அதைக் கவனிங்க. அவசரப்படாம..."

அவன் மூச்சு புகையாக எழுந்தது.

"ஹா..." என்றான். "இருக்கு. யாரோ மூச்சு விட்டுட்டுப் போன மாதிரி... சாம்பலா."

"படத்துல சிவப்பும் நீலமுமா இருக்குமே! எங்களை ஏமாத்தறியா?" மேடம் பயணியின் குரலில் அதட்டினார்.

"ஏமாத்தறதா இருந்தா கலர் தெரியும்னு சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். கேமரா வெளிச்சத்தை மணிக்கணக்கா சேர்த்து வைக்கும். நம்ம கண்ணு சேர்க்காது. எங்க ஊர்ல இருக்கறதைத்தான் காட்டுவோம்."

"நெபுலான்னா என்ன?" இது ஜிக்மத். கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"விண்முகில். நம்ம மேகத்துல தண்ணி, அதுல வாயுவும் தூசியும். முன்னெல்லாம் வானத்துல புகையா தெரிஞ்சதுக்கெல்லாம் நெபுலான்னு ஒரே பேர். அதுல சிலது கோடிக்கணக்கான நட்சத்திரக் கூட்டம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க, பேரைத் திருப்பி வாங்கிட்டாங்க. இப்போ உண்மையான முகிலுக்கு மட்டும்தான் அந்தப் பேர். சிலதுக்குள்ள நட்சத்திரம் பிறக்கும். நீங்க பாக்கறது வெடிச்சுச் செத்த நட்சத்திரத்தோட மிச்சம். ரெண்டுக்கும் நெபுலான்னுதான் பேர்."

அவன் தலையை நிமிர்த்தினான். ஓரக்கண் இன்னும் பழக்கத்தை விடவில்லை போலும்... அது அவள் பக்கம் திரும்பியிருந்தது. குன்செஸ் டார்ச்சை அணைத்தாள். முகம் சிவந்தால் யாருக்கும் தெரியக்கூடாது.

"தேறிட்ட," என்றார் மேடம். கைகுலுக்கிவிட்டுத் தன் மலைக்கு நடந்தார். நிலா எழுந்தது.

ராப்கியஸ் நெஞ்சை நிமிர்த்தினார். பள்ளத்தாக்கே தன்னுடையது போல ஒரு நிமிர்வு. "நோனோ, தம்பி, என் பொண்ணுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். குடத்தைத் தொடமாட்டேன். ஆனா முறைப்படி இறக்கி வெச்சுக் கேளு. முறைப்படி மறுக்கறேன்."

"இறக்கமாட்டேன், அபா லே." அப்பா என்று மரியாதையாகத்தான் அழைத்தான்.

"என்னது?"

"மாமா முட்டி வலியில வழியிலயே தங்கிட்டார். அவருக்குப் பதிலா எங்க அண்ணனுக்காகக் கேக்கத்தான் வந்தேன். இப்போ அந்த வார்த்தை வாயில வரல. வேற ஒருத்தனுக்காக இவங்களைக் கேக்க என்னால முடியாது."

"கேக்காமலே குடத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போனா அது என் வீட்டுக்கு அவமானம். தெரியுமில்ல?"

"தெரியும். அதனால உங்க வீட்டுச் சூட்டுல குளிர் காயற தகுதியும் எனக்கில்ல. வண்டியிலயே படுத்துக்கறேன்."

போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான். உறைந்த ஜீப்பில். அப்பா உள்ளே போனார். குன்செஸ் நின்றாள். என்ன திமிர் இவனுக்கு... தன் திமிரைப் போலவே அல்லவா இருக்கிறது!

கண்ணாடியைத் தட்டினாள்.

"விறைச்சுச் செத்தா நான் பொறுப்பில்ல."

"தெரியும்." அவன் பற்கள் தந்தியடித்தன.

"எதுக்கு வண்டியை அணைச்சீங்க?"

"நீங்க கேட்டீங்க."

"தெரியுதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் அப்பவே தேறியிருப்பேன்."

"நீங்க தேறினது பொய்யாயிருக்குமே."

அவள் கண்ணாடியில் படிந்த பனியை விரலால் சுரண்டினாள்.

"ரெண்டு தடவை சொல்லமாட்டேன், கேட்டுக்கோங்க. நான் இந்த ஊரை விட்டு வரமாட்டேன். எந்தக் குடம் வந்தாலும். இங்க வந்து இருக்கற ஆளுன்னா... அது நீங்கன்னா... எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கதவைத் திறந்த வேகத்தில் கீழே விழப் பார்த்தான். "வண்டி இங்கயும் ஓடும்," என்றான். "லைட் இல்லாம ஓட்டக் கத்துக்கறேன், குன்செஸ்."

வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. "வர்றதுன்னா ரெண்டு பேரும் வாங்க. நிக்கறதுன்னா நில்லுங்க. அடுப்புச் சூடு வீணாப்போகுது. அந்த மாமனுக்கு முட்டி சரியாகட்டும், மறுக்க வேண்டியதை அவர்கிட்ட மறுத்துக்கறேன்."

குன்செஸ் முன்னால் போனாள். ஜிக்மத் குனிந்து நிலைப்படி தாண்டினான். ராப்கியஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டதுபோல, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினார்.