பதினொரு தலைகளும் ஒரு கேமராவும்

சுண்டெலிக்கு ஒன்பது வயது. ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடுவாள். அதனால் அண்ணன் வைத்த பெயர் அது.

அவளுடைய கண்கள் பிறந்ததிலிருந்தே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அவள் ஆட்டுவதில்லை, அவையாகவே ஆடும். "இதை நிறுத்த முடியாது. ஆனா இதோடவே ஜம்முனு இருக்கலாம்" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் ஆட்டம் அடங்கும், எதிரில் இருப்பது நன்றாகத் தெரியும். இதை அவளே கண்டுபிடித்தாள்.

எல்லாம் சரிதான், போட்டோ என்றால் மட்டும் அவளுக்கு வேப்பங்காய். போன வருடம் வகுப்பு போட்டோ எடுத்தபோது, "அந்தப் பொண்ணு எங்கயோ பாக்குது!" என்று நான்கு முறை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வெயிலில் நின்ற வகுப்பே அவளை முறைத்தது. இனிமேல் எந்தப் போட்டோவிலும் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கண் ஆடும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் நூலகத்து மாடியில் முதல்முறையாகக் கூடியிருந்தார்கள். சுண்டெலியோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகள்! "உன் கண்ணு ஏன் அப்படி ஆடுது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"நீ எந்தப் பக்கம் திருப்புவே?" என்று கேட்டாள் ரெட்டைச்சடை போட்ட ஒரு சிறுமி.

"இடப்பக்கம். நீ?"

"அட, நானும்! பந்து வந்தா உனக்குத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே! மூக்குல பட்ட அப்புறம்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் நகமும் சதையும் ஆகிவிட்டார்கள்.

அப்போது போட்டோக்காரர் வந்தார். கேமராவைக் கண்டதும் சுண்டெலி சட்டென்று திரைச்சீலைக்குப் பின்னால் புகுந்துகொண்டாள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்றார் போட்டோக்காரர்.

பத்துத் தலைகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பின.

"என்னப்பா இது? கேமராவைப் பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், மாமா!" என்று பத்துப் பேரும் கத்தினார்கள்.

போட்டோக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. முன்வரிசையில் தாடையை உயர்த்தி உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பொடியனிடம் போனார். தாடையைப் பிடித்து மெல்ல இறக்கினார். கையை எடுத்ததும் அது மேலே போனது. மறுபடியும் இறக்கினார். பொடியனின் உதடு பிதுங்கியது.

"எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல..." என்று அழ ஆரம்பித்தான்.

வகுப்பு போட்டோ அன்று சுண்டெலியும் இப்படித்தான் அழுதாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, அவன் தாடையை விடுங்க. நேரா வெச்சா கண்ணு வேகமா ஆடும். நீங்க கலங்கலாத் தெரிவீங்க."

"நான் எப்படித் தெரிஞ்சா என்னம்மா? போட்டோ கோணலா வருமே!"

"நீங்க மட்டும் நேராவா பாக்குறீங்க? ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டுத்தானே பாக்குறீங்க?"

போட்டோக்காரர் பொடியனின் தாடையை விட்டார். அம்மாக்கள் குபீரென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிங்க மேடம், நீங்களே நிக்க வைங்க."

சுண்டெலி கொஞ்சம் யோசித்தாள். முகத்தை இடப்பக்கம் திருப்புகிறவர்களை வலது ஓரத்தில் நிறுத்தினாள். வலப்பக்கம் திருப்புகிறவர்களை இடது ஓரத்துக்கு அனுப்பினாள். குனிந்து பார்க்கிறவர்களைப் பின்னால் பெஞ்சின் மேல் ஏற்றினாள். பொடியனை நடுவில் தரையில் உட்கார வைத்தாள். இப்போது எல்லா முகங்களும் நடுவில் இருந்த பொடியன் பக்கம் திரும்பியிருந்தன. அவன் ஏதோ ரகசியம் சொல்வது போலவும் மற்றவர்கள் கேட்பது போலவும் இருந்தது. கண்கள் மட்டும் கேமராவைப் பார்த்தன.

"அடேங்கப்பா!" என்றார் போட்டோக்காரர். "ஆமா, நீ எங்க நிக்கப்போறே?"

சுண்டெலி ஓர் அடி பின்வாங்கினாள். திரைச்சீலையைப் பார்த்தாள்.

"இங்க இடம் இருக்குடி, வா!" என்று ரெட்டைச்சடை நகர்ந்துகொண்டாள்.

சுண்டெலி போய் நின்றாள். முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். "நேராப் பாரு" என்று யாரும் சொல்லவில்லை.

க்ளிக்!

போட்டோக்காரர் கேமராவில் படத்தைக் காட்டினார். சுண்டெலி மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போய்ப் பார்த்தாள். ஓரத்தில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே தடவையில அருமையா வந்துடுச்சு. இது போதும்" என்று போட்டோக்காரர் கேமராவை மூடப் போனார்.

"வந்துடுச்சு மாமா. ஆனாலும் இன்னொண்ணு எடுங்க!" என்று சொல்லிவிட்டுச் சுண்டெலி ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.